ஒரு துண்டு டேப்பும் 450 மெகாஹெர்ட்ஸும்

விலை குறைந்த மதர்போர்டில் ப்ராசஸரை விரட்டி ஓட்டுபவர்கள் பார்க்காமல் விடும் இடம்

1998-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், கம்ப்யூட்டர் பித்துப் பிடித்த பலருடைய மேஜையில் ஒரு கத்தரிக்கோலும் செல்லோ டேப்பும் இருந்தன. இன்டெல் நிறுவனத்தின் செலரான் 300ஏ ப்ராசஸர் அப்போது சிறிய பலகை வடிவில் வந்தது. ஸ்லாட் 1 என்ற நீண்ட பள்ளத்தில் அதைச் செருக வேண்டும். செருகும் விளிம்பில் பொன்முலாம் பூசிய 242 தொடுமுனைகள். அவற்றுள் பி21 என்ற ஒன்றை எண்ணிக் கண்டுபிடித்து, நெல்மணி அகலம்கூட இல்லாத டேப் துண்டை அதன்மேல் ஒட்டுவார்கள். டேப் நழுவிவிடும் என்று பயந்தவர்கள் நெயில் பாலிஷ் தடவினார்கள். திரும்பச் செருகி ஸ்விட்சைப் போட்டால், 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்ட சில்லு 450 மெகாஹெர்ட்ஸில் கண் விழிக்கும்.

அந்த 450-க்குச் சந்தையில் ஒரு விலை இருந்தது. செலரான் 300ஏ வெளிவந்த அதே 1998 ஆகஸ்ட் 24 அன்று, 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-ஐயும் இன்டெல் வெளியிட்டது. ஆயிரம் ஆயிரமாக வாங்கும் நிறுவனங்களுக்குப் பென்டியத்தின் விலை 669 டாலர். செலரானின் விலை 149 டாலர். நடுவில் இருந்த 520 டாலரை ஒரு துண்டு டேப் மிச்சப்படுத்தியது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் செலரானைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு அந்தச் செலரானைத் தாங்கி நின்ற போர்டின் மேல்தான் மரியாதை. இப்படி விற்ற வேகத்துக்கு மேல் விரட்டும் ஓவர்கிளாக்கிங்கில் ப்ராசஸருக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதிக்கு மேல் போர்டுக்குப் போய்ச் சேர வேண்டியது. இதை நான் என் காசைப் போட்டு, ஒரு போர்டைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். குறைந்த பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கையில் காசு போதாதபோது நாம் முதலில் வெட்டுவது மதர்போர்டின் விலையைத்தான்.

300 எப்படி 450 ஆனது?

ப்ராசஸரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. போர்டில் உள்ள ஒரு சில்லு சீராகத் தாளம் போடும். ப்ராசஸர் அந்தத் தாளத்தை உள்ளுக்குள் ஓர் எண்ணால் பெருக்கிக்கொண்டு ஓடும். கச்சேரியில் தாளம் மாறாமல் போய்க்கொண்டிருக்க, பாடுகிறவர் இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று எடுப்பதைப் போல. செலரான் 300ஏ-வுக்குப் போர்டு போட்ட தாளம் 66 மெகாஹெர்ட்ஸும் சொச்சமும். பெருக்கும் எண் 4.5. பெருக்கினால் 300.

பெருக்கும் எண்ணை இன்டெல் சில்லுக்குள்ளேயே பூட்டிவிட்டது. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. 90-களின் நடுவில், வேகம் குறைந்த பென்டியங்களின் மேல் அச்சிட்ட எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, கூடுதல் எண்ணைப் பொறித்து விற்கும் மோசடி நடந்துகொண்டிருந்தது. பூட்டு அதைத் தடுத்தது. ஆனால், தாளம் போடுவது போர்டு. அந்தச் சாவி இன்டெல் கையில் இல்லை. பி21 முனை வழியாகத்தான் செலரான், ‘எனக்கு 66 போதும்’ என்று போர்டுக்குத் தெரிவிக்கும். முனையை மூடிவிட்டால் அந்தச் செய்தி போய்ச் சேராது. செய்தி வராத ப்ராசஸரை 100 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் என்று போர்டு எடுத்துக்கொள்ளும். 100-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 450.

சரி, 300 என்று எழுதி விற்ற சில்லுக்கு 450-இல் ஓடும் தெம்பு எங்கிருந்து வந்தது? மாம்பழ மண்டியில் தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே தோப்புப் பழம்தான், பெரியது ஒரு கூடைக்கும் சிறியது ஒரு கூடைக்கும் போகும். மலிவுக் கூடைக்கு ஆள் அதிகம் நின்றால், வியாபாரி நல்ல பழத்தையும் எடுத்து அந்தக் கூடையில்தான் போடுவார். சில்லுத் தொழிற்சாலையிலும் அப்படியே. ஒரே வேஃபரில் பிறந்த சில்லுகளைச் சோதித்து வேகத்தின்படி பிரிக்கிறார்கள். தயாரிப்பு முறை நன்றாகத் தேறிவிட்டால், மெதுவான சில்லுகள் போதுமான அளவில் பிறப்பதில்லை. விலை குறைந்த சரக்குக்கோ கிராக்கி குறைவதில்லை. அப்போது வேகமான சில்லுக்கும் குறைந்த எண்தான் அச்சாகும்.

செலரான் 300ஏ-வுக்கு இன்னொரு வரமும் வாய்த்தது. 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகமே கிடையாது. அதனால் பெயர் கெட்டுப்போனது. அந்தப் பெயரை மீட்பதற்காக 300ஏ-வின் உடம்புக்குள்ளேயே 128 கிலோபைட் கேஷை வைத்தார்கள். அது ப்ராசஸரின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2-இல் கேஷ் 512 கிலோபைட் என்றாலும், தனிச் சில்லுகளாக வெளியே இருந்து பாதி வேகத்தில்தான் ஓடியது. அளவில் சிறியதும் வேகத்தில் பெரியதுமான கேஷோடு 450-இல் ஓடிய செலரான், விளையாட்டுகளில் பென்டியத்துக்கு நிகராக நின்றது.

375 கெடுத்தது, 450 காப்பாற்றியது

இப்போது போர்டுக்கு வருகிறேன். அந்த நாளில் இந்த வேலைக்குப் பேர்போனது தைவானின் ஏபிட் நிறுவனம் செய்த பிஎச்6. ஜம்பர்களைக் கழற்றி மாட்டித்தான் வேகத்தை மாற்ற முடியும் என்றிருந்த காலத்தில், பயாஸ் திரையிலேயே தாளத்தையும் வோல்டேஜையும் மாற்ற வழி செய்த போர்டு அது. அதில் இருந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸ் தாளத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

போர்டு போடும் தாளத்தை ப்ராசஸர் மட்டும் கேட்பதில்லை. சவுண்டு கார்டு, நெட்வொர்க் கார்டு, ஹார்ட் டிஸ்க்கை ஆளும் சில்லு எல்லாம் பிசிஐ வழியில் உட்கார்ந்திருந்தன. பிசிஐ வழிக்கு விதித்த வேகம் 33 மெகாஹெர்ட்ஸ். 66 தாளத்தில் போர்டு அதை இரண்டால் வகுத்துக் கொடுக்கும், 33 வரும். 100 தாளத்தில் மூன்றால் வகுக்கும், அப்போதும் 33. கிராபிக்ஸ் கார்டின் ஏஜிபி வழிக்கு மூன்றில் இரண்டு பங்கு, 66. அதாவது ப்ராசஸர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடினாலும், கூடவே இருந்த மற்ற எல்லாம் தத்தம் இயல்பான வேகத்தில் நிம்மதியாக ஓடின.

100-க்குப் போகத் துணியாமல், ‘கொஞ்சமாக ஏற்றுவோம்’ என்று 83 மெகாஹெர்ட்ஸில் நின்றவர்களும் இருந்தார்கள். செலரான் அங்கே 375-இல் ஓடும். பார்க்க அடக்கமான எண்தான். ஆனால், 83-ஐ இரண்டால் வகுத்தால் பிசிஐ வழி 41-ஐத் தாண்டிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படும் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெடத் தொடங்கும். 375-இல் போன ஃபைல் 450-இல் போகவில்லை. எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைவிட, ஏற்றும்போது கூட இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம் என்று அந்தப் போர்டுகள் காட்டின.

ஏபிட்டின் அடுத்த சாதனை 1999-இல் வந்த பிபி6. சாக்கெட் 370 வடிவத்துக்கு மாறிவிட்ட செலரான்கள் இரண்டை ஒரே போர்டில் பூட்டலாம். இரட்டை ப்ராசஸர் என்பது விலை உயர்ந்த சர்வர்களின் சொத்தாக இருந்த காலம் அது. செலரானை இரட்டையாக ஓட்டுவது இன்டெல்லின் திட்டத்திலேயே இல்லை. விண்டோஸ் 98-க்கு இரண்டாவது ப்ராசஸர் கண்ணுக்கே தெரியாது என்பதால், விண்டோஸ் என்டியையும் லினக்ஸையும் போட்டு ஓட்டினார்கள். மாணவர்களின் அறைக்குள் இரட்டை ப்ராசஸர் நுழைந்தது அந்தப் போர்டின் புண்ணியத்தில்.

அதே பிபி6தான் பின்னால் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. சில ஆண்டுகள் ஓடிய பிறகு அதன் கபாசிட்டர்கள் தலை வீங்கி, மேல்மூடி பிளந்து, உள்ளே இருந்த திரவம் கசிந்தது. ப்ராசஸர்கள் நன்றாகத்தான் இருந்தன. இரண்டாயிரத்தின் முதல் சில ஆண்டுகளில் தரமற்ற கபாசிட்டர்களால் பல நிறுவனங்களின் போர்டுகள் இப்படிச் செத்தன. பிபி6-ஐ விட மனமில்லாதவர்கள் சால்டரிங் அயர்னை எடுத்து ஒவ்வொரு கபாசிட்டராக மாற்றி உயிர் கொடுத்தார்கள். ஏபிட் 2008-இன் முடிவோடு மதர்போர்டுத் தொழிலை விட்டே போய்விட்டது.

பூட்டும் சாவியும்

அதன் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 2000-இல் ஏஎம்டியின் டியூரான் வந்தது. அதன் முதுகில் இருந்த எல்1 என்ற இணைப்புப் புள்ளிகளைச் சாதாரணப் பென்சிலால் கோடு போட்டு இணைத்தால் பெருக்கும் எண் திறந்துகொண்டது. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்ற பள்ளிப் பாடம் அத்தனை பேருக்குப் பயன்பட்டது. 2003-இல் அத்லான் எக்ஸ்பி 2500-ஐ வாங்கி, தாளத்தை 166-லிருந்து 200 ஆக்கி, 3200 என்ற பெயரில் விற்ற உயர்ந்த மாடலாகவே மாற்றிக்கொண்டார்கள்.

2011 ஜனவரியில் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் வரிசை வந்ததும் கதவு அடைத்துக்கொண்டது. ப்ராசஸர், பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாவற்றுக்கும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் தாளம் என்று பிணைத்துவிட்டார்கள். சில சதவீதத்துக்கு மேல் அதைக் கூட்டினால் மற்றவை தடுமாறும். ஏற்ற வேண்டும் என்றால் பெருக்கும் எண் திறந்த ப்ராசஸரும் வேண்டும், அதை அனுமதிக்கும் விலை கூடிய சிப்செட்டும் வேண்டும். காசு குறைந்தவன் கையில் இருந்த சாவி காசு மிகுந்தவன் கைக்கு மாறிய வருடம் என்று அதைச் சொல்வேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

2014-இல் பென்டியம் பெயரின் 20 ஆண்டுகளைக் கொண்டாட, 72 டாலரில் ஜி3258 என்ற ப்ராசஸரைப் பெருக்கும் எண் திறந்தே இன்டெல் விற்றது. மிக மலிவான எச்81 போர்டுகளில்கூட அதை ஏற்றி ஓட்டும்படி போர்டு நிறுவனங்கள் பயாஸை மாற்றிக் கொடுத்தன. 3.2 கிகாஹெர்ட்ஸ் சில்லு 4-ஐத் தாண்டிச் சிரமமில்லாமல் ஓடியது. ஆனால், அதில் இருந்தவை இரண்டே கோர்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த ஃபார் க்ரை 4 விளையாட்டு, இது போன்ற இரண்டு கோர் ப்ராசஸர்களில் தொடங்கவே மறுத்தது. எவ்வளவு விரட்டினாலும் இரண்டு மாடு நான்கு மாடு ஆகாது என்று வாங்கியவர்களுக்குப் புரிந்தது. 2015 டிசம்பரில், பூட்டிய ஸ்கைலேக் ப்ராசஸர்களையும் தாளத்தைக் கூட்டி ஓட்டச் சில போர்டு நிறுவனங்கள் வழி கண்டன. 2016 பிப்ரவரியில் அதுவும் அடைபட்டது.

2017-இல் ஏஎம்டி ரைசன் வந்தபோது, எல்லா ரைசன்களிலும் பெருக்கும் எண்ணைத் திறந்து வைத்தார்கள். அடிமட்டத்தில் இருந்த ஏ320 சிப்செட் போர்டுகளில் ஏற்ற முடியாது. அதற்கு ஒரு படி மேலே இருந்த பி350-இல் முடியும். பட்ஜெட் போர்டுக்கு மறுபடி காலம் பிறந்தது. நான் உள்ளே நுழைந்தது அப்போதுதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மேஜை

2018-இல், சேர்த்து வைத்த காசை எண்ணி எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். ஆறு கோர் கொண்ட ரைசன் 5 1600. அதற்கு, கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த பி350 போர்டு. அட்டையில் எழுதியிருந்த அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். 1.35 வோல்ட் கொடுத்து 3.8-க்கு ஏற்றினேன். அது டிசம்பர் மாதம். அரை மணி நேரச் சோதனையில் தேறியது. கூடவே வந்த கூலரை எடுத்துவிட்டு உயரமான டவர் கூலர் ஒன்றையும் மாட்டினேன். ப்ராசஸர் வெப்பம் 70-ஐத் தாண்டவில்லை. எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

மே மாதம் ஒரு வீடியோவை ரெண்டர் போட்டிருந்தபோது மெஷின் பட்டென்று அணைந்தது. மறுபடி ஸ்விட்சைப் போட்டால், ஃபேன் ஒரு சுற்று அசைந்து நின்றுவிடும். அவ்வளவுதான்.

ப்ராசஸரைக் கொன்றுவிட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டு, போர்டோடு சேர்த்து ஒரு சர்வீஸ் மேஜைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் மல்டிமீட்டரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு போர்டைப் புரட்டிக் காட்டினார். சாக்கெட்டின் இடது ஓரத்துக்குப் பின்பக்கம், போர்டின் நிறம் தேநீர்க்கறை மாதிரிப் பழுப்பேறியிருந்தது.

“தம்பி, ப்ராசஸர் போய் இந்த டேபிளுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். வர்றதெல்லாம் போர்டுதான். இங்க மாஸ்பெட் ஷார்ட் ஆயிருக்கு.”

“அண்ணே, டெம்பரேச்சர் 75க்கு மேல போகவே இல்லையே?”

“அது ப்ராசஸரோட டெம்பரேச்சர். இந்த இடத்துக்கு உங்க போர்டுல சென்சாரே கிடையாது. நீங்க எதைப் பாத்தீங்க?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த கட்டுரைகள், வீடியோக்கள் எல்லாம் ப்ராசஸரைப் பற்றியே பேசின. அவர் விரல் வைத்துக் காட்டிய அந்த ஓரத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அந்த ஓரத்தில் நடப்பது

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் மின்சாரம் 12 வோல்ட். ப்ராசஸர் கேட்பதோ 1.2, 1.3 வோல்ட். நடுவில் இறக்கிக் கொடுக்கும் பகுதிக்கு விஆர்எம் என்று பெயர். சாக்கெட்டின் ஓரத்தில் கனசதுரமாக வரிசை கட்டி நிற்கும் காயில்கள், அவற்றின் அருகில் தட்டையாகப் படுத்திருக்கும் கறுப்பு மாஸ்பெட்கள், சுற்றிலும் உருளைக் கபாசிட்டர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. மாஸ்பெட் ஒரு ஸ்விட்ச். வினாடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடும். மடையைப் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து, மீதி நேரம் அடைத்து வைத்தால், வாய்க்காலில் தண்ணீர் தாழ்வான மட்டத்தில் ஓடும் அல்லவா? 12 வோல்ட் 1.2 ஆவது அப்படித்தான். விட்டு விட்டு வருவதைச் சீராக்குவது காயிலும் கபாசிட்டரும்.

இனி கணக்கு. சில்லு எடுக்கும் மின்திறன், வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்க விகிதத்தில் கூடும். எளிமைக்காக, 3.2 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட், 65 வாட் என்று வைத்துக்கொள்வோம். 3.8-க்குப் போனால் வேகம் 19 சதவீதம் கூடுகிறது. வோல்டேஜ் 1.2-லிருந்து 1.35 ஆவதால், அதன் வர்க்கம் சுமார் 27 சதவீதம் கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் மின்திறன் ஒன்றரை மடங்கு, ஏறத்தாழ 98 வாட். 19 சதவீத வேகத்துக்குக் கொடுத்த விலை 50 சதவீத மின்சாரம். உண்மையில் என் சில்லு எல்லாக் கோர்களோடும் தானாகவே 3.4 வரை ஓடக்கூடியது. ஆகவே எனக்குக் கிடைத்த லாபம் இந்த 19-ஐவிடவும் குறைவு.

கணக்கு இதோடு முடியவில்லை. மாஸ்பெட்டைச் சுடவைப்பது ஆம்பியர். 65 வாட்டை 1.2-ஆல் வகுத்தால் 54 ஆம்பியர். 98-ஐ 1.35-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 73 ஆம்பியர். வீட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏசி இழுப்பது ஏழெட்டு ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதைப்போல் ஒன்பது மடங்கு மின்னோட்டம், உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்த ஓரத்தின் வழியாகப் போகிறது. மாஸ்பெட்டின் தடையில் பிறக்கும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 54, 73 ஆனால் அந்த வெப்பம் சுமார் 1.8 மடங்கு. ப்ராசஸருக்கு 19 சதவீதம் என்று நான் கணக்கிட்டது, அந்தச் சின்னக் கறுப்புச் சில்லுகளுக்கு 80 சதவீதமாகப் போய் விழுந்தது.

விலை உயர்ந்த போர்டில் காசு போகும் இடம் இதுதான். உற்சவ மூர்த்தியை நாலு பேர் தூக்கினால் ஒரு தோளுக்கு இறங்கும் பாரம் வேறு, எட்டுப் பேர் தூக்கினால் வேறு. ஒரு காயிலும் அதற்குரிய மாஸ்பெட்களும் சேர்ந்தது ஒரு ஃபேஸ். 73 ஆம்பியரை நான்கு ஃபேஸ் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 18. எட்டு பங்கிட்டால் 9. சுமை பாதியானால் ஒவ்வொரு மாஸ்பெட்டின் தடையிலும் பிறக்கும் வெப்பம் நாலில் ஒன்றாகிவிடும். அதோடு, நல்ல போர்டுகளில் தடை குறைந்த மாஸ்பெட்களும் அவற்றின் மேல் கனமான ஹீட்சிங்க்கும் இருக்கும். என் போர்டில் ஹீட்சிங்க்கே இல்லை. வெறும் மாஸ்பெட்கள்.

இன்னொரு தவற்றையும் நானே செய்திருந்தேன். ரைசன் 1600-உடன் பெட்டியில் வரும் கூலர், காற்றை மேலிருந்து கீழே போர்டை நோக்கி ஊதும். ஹீட்சிங்க்கில் பட்டுச் சிதறும் காற்றில் ஒரு பங்கு சுற்றிலும் இருக்கும் மாஸ்பெட்களைத் தடவிக்கொண்டு போகும். டவர் கூலரோ காற்றைப் போர்டுக்கு இணையாகப் பின்பக்கம் தள்ளிவிடும். அந்த மாற்றத்தால் ப்ராசஸர் குளிர்ந்தது. அதற்குத் தீனி போடும் இடம் காற்றில்லாமல் வெந்தது. தண்ணீர்க் குழாய் வைத்த கூலர்களிலும் இதே நிலைதான். சாக்கெட்டைச் சுற்றிக் காற்றே இருக்காது.

டிசம்பரும் மேயும்

நாம் படிக்கும் சோதனை முடிவுகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில், 20 முதல் 22 டிகிரி அறைகளில் எடுக்கப்பட்டவை. கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அறையின் வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அதனால் வைத்திருக்க முடியும். 22 டிகிரி அறையில் 80 காட்டிய சில்லு, 37 டிகிரி அறையில் 95-ஐத் தொடும். முதல் தலைமுறை ரைசனுக்கு 95 எல்லை. சென்னை, வேலூர், திருச்சி, மதுரை என்று எந்த ஊரிலும் சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் ஏசி இல்லாத அறை 37-இல் நிற்பதே அதிசயம். டிசம்பரில் ஏற்றிப் பார்த்து, ‘தேறிவிட்டது’ என்று மூடி வைப்பது மார்கழியில் வாங்கிய மின்விசிறி போதும் என்று சொல்வதைப் போன்றது. நம் ஊரில் ஓவர்கிளாக் செய்தால் அதற்கான சோதனையை மே மாதப் பிற்பகலில் செய்ய வேண்டும். டிசம்பரில் செய்கிறவர்கள் கேபினெட்டை மூடி வைத்து, கோடையின் 15 டிகிரிக்கு இப்போதே இடம் விட்டு நிறுத்த வேண்டும்.

சோதனை என்றால் அரை மணி நேரம் போதாது. பிரைம்95 என்ற மென்பொருளைப் பல மணி நேரம் ஓட விடுங்கள். அது விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைப் ப்ராசஸரிடம் கொடுத்து, வரும் விடையை ஒப்பிட்டுப் பார்க்கும். மெஷின் ஹேங் ஆகாமல் ஓடிக்கொண்டே தப்பாகக் கணக்குப் போடுவதைக் கண்டுபிடிக்கும் வழி இது. ப்ளூ ஸ்கிரீன் வந்தால் நல்லது என்றே சொல்வேன், அது நேருக்கு நேர் சொல்லிவிடுகிறது. சத்தமில்லாமல் ஒரு புகைப்படத்தின் நடுவில் சாம்பல் பட்டை விழுவதும், திறக்க மறுக்கும் ஜிப் ஃபைலும்தான் பயங்கரம். வீட்டுக்குப் பொதுவான ஒரே கம்ப்யூட்டர், அதில் அக்காவின் ஆய்வேடும் அப்பாவின் கணக்கும் இருக்கிறது என்றால், வேறு இடத்தில் பிரதி எடுத்து வைக்காமல் பயாஸுக்குள் போகவே வேண்டாம்.

மலிவான போர்டில் வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். வேகத்தை ஏற்றும்போது பல போர்டுகள் எதற்கும் இருக்கட்டும் என்று தேவைக்கு மேல் ஊற்றும். எண்ணை நீங்களே கையால் போடுங்கள். நூறு நூறு மெகாஹெர்ட்ஸாக ஏறுங்கள். ஒரு கட்டத்தில், அடுத்த நூறு மெகாஹெர்ட்ஸுக்கு, இதுவரை ஒவ்வொரு படிக்கும் கேட்ட கூடுதல் வோல்டேஜைப் போல் இரண்டு மடங்கைச் சில்லு கேட்கும். அங்கிருந்து ஒரு படி இறங்கி நிற்பதுதான் பட்ஜெட் போர்டுக்கு உகந்த இடம். மெஷின் எழவே மறுத்தால் பதற்றம் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால், பயாஸ் பழைய எண்களுக்குத் திரும்பிவிடும்.

இன்று ஏற்ற என்ன மிச்சம்?

இப்போதைய ப்ராசஸர்கள் தாமே தம்மை ஏற்றிக்கொள்கின்றன. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை ஓடிப் பார்த்து, இடம் இல்லாதபோது இறங்குகின்றன. செலரான் 300ஏ-வில் இருந்த 50 சதவீத மிச்சத்தைத் தொழிற்சாலையே எடுத்து விற்றுவிடுகிறது. சில சமயம் எல்லை மீறியும் விற்றிருக்கிறது. 2023-இல் சில ரைசன் 7000 சில்லுகள் சாக்கெட்டிலேயே கருகியதும், ஒரு குறிப்பிட்ட வோல்டேஜை 1.3-க்கு மேல் விடாதபடி ஏஎம்டி கட்டுப்படுத்தியது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேல்மட்ட ப்ராசஸர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைகுலைந்து, புதிய மைக்ரோகோடும் கூடுதலாக இரண்டு வருட வாரன்டியும் கொடுக்க வேண்டி வந்தது.

மலிவுப் போர்டின் கதையும் தலைகீழாகிவிட்டது. முன்பு போர்டு நன்றாக இருந்தால் வாங்கியதைவிடக் கூடுதல் வேகம் கிடைத்தது. இன்று போர்டு மட்டமாக இருந்தால், காசு கொடுத்து வாங்கிய வேகமே கிடைக்காது. எட்டு, பன்னிரண்டு கோர் ப்ராசஸரை அடிமட்டப் போர்டில் மாட்டிவிட்டு, ரெண்டர் தொடங்கிய சில நிமிடங்களில் விஆர்எம் சூடேறி வேகம் சரிவதைப் பார்த்து விழிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். கடையில் ப்ராசஸரின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பிள்ளைகளிடம், போர்டின் அந்த ஓரத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. மாஸ்பெட்களின் மேல் ஹீட்சிங்க் இருக்கிறதா? அந்த இடத்தின் வெப்பத்தைக் காட்டும் சென்சார் இருக்கிறதா? ப்ராசஸரில் ஒரு படி இறங்கி, மிஞ்சும் காசைப் போர்டில் போட்டவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அனுமதிக்கும் போர்டுகளில், வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கும் வழியும் உண்டு. மேலே போட்ட கணக்கு அப்படியே திரும்பி ஓடும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் மின்திறன் ஏறத்தாழ 19 சதவீதம் குறையும். விஆர்எம் மூச்சு விடும். வெப்பத்தால் இறங்கிக்கொண்டிருந்த சில்லு இறங்காமல் நிற்கும். அதே பயாஸ் பக்கம், அதே பொறுமை, அதே இரவு முழுக்க ஓடும் பிரைம்95.

என் போர்டுக்குப் புது மாஸ்பெட் போட்டுக் கொடுத்தார் அந்த அண்ணன். ப்ராசஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியில் கிடந்த பழைய கூலரைத் திரும்ப மாட்டினேன். எங்கோ கழற்றி வைத்திருந்த 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை, மாஸ்பெட் வரிசைக்கு மேல் கேபிள் டை போட்டுக் கட்டினேன். 1.2 வோல்ட்டில் 3.6 கிகாஹெர்ட்ஸ் சத்தமில்லாமல் நின்றது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்த மெஷின் இப்போது அக்கா மகளிடம் இருக்கிறது. கட்டடக்கலை படிக்கிறாள், ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடும். ஏப்ரல் பிறந்தால் போன் பண்ணிவிடுவாள். “மாமா, வெயில் வந்துடுச்சு, இந்த வருஷமும் 3.4-க்கு இறக்கணுமா?” ஆமாம் என்பேன். சின்ன ஃபேனில் தூசு படிந்திருந்தால் பிரஷ்ஷால் தட்டிவிடச் சொல்வேன்.